சீலா என்றால் எந்த மீன்?

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காசிமேட்டுக்குப் போகாதே என்று நண்பர்கள் சொன்னார்கள். அன்றைக்குத்தான் போனேன். ஒரு மாதம் வாயைக் கட்டியிருந்த ஊர் மொத்தமும் அன்று விடியற்காலையில் கூடையும் பையுமாக வந்து இறங்கிவிடுகிறது. மணி நாலரை. சூரியநாராயண செட்டித் தெருவிலேயே ஆட்டோக்காரர் இறக்கிவிட்டார். அதற்கு மேல் வண்டி நகராது. நாலடி நடப்பதற்குள் செருப்புக்குள் சில்லென்று ஈரம் ஏறியது. மழை பெய்திருக்கவில்லை. ஐஸ் உருகி ஓடிய மீன் தண்ணீர்.

உள்ளே விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. 1984இல் பயன்பாட்டுக்கு வந்த துறைமுகம் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தப் படகுகள் அசையாமல் கிடக்கும். மற்ற நாட்களில் இருட்டிலேயே ஏலம் தொடங்கிவிடும். சிமெண்டுத் தரையில் கொட்டிய குவியலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஏலம் விடுகிறவர் ஒரே மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். அவருக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் குவியல் கை மாறிவிடுகிறது. யார் தலையசைத்தார்கள், யார் பின்வாங்கினார்கள் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஏலத்தைத் தாண்டி, வெட்டிக் கொடுக்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைக்கு வந்தேன். கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டி மேல் ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும். முன்னால் வாளித் தண்ணீர், கனமான கத்தி, செதில் ஒட்டிய மரக்கட்டை.

"சீலா என்ன விலைக்கா?" என்றேன்.

அவர் குனிந்து பெட்டிக்குள்ளிருந்து ஒரு மீனை எடுத்துப் போட்டார். முழ நீளம், கூர்மையான வாய், ஊசி ஊசியாகப் பல். நான் கேட்டது இது இல்லை. பக்கத்துக் கூடையில் வெள்ளி மினுங்கிக் கிடந்ததைக் காட்டினேன்.

"அது வஞ்சிரம் தம்பி. சீலான்னு கேட்டா சீலாதான குடுப்பேன்? தூத்துக்குடியா நீ?"

இருபது வருஷமாகச் சென்னையில் இருக்கிறேன். பேச்சு மாறிவிட்டது, நடை மாறிவிட்டது, காபி மாறிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த மீனுக்குப் பெயர் சீலா. அம்மா அப்படித்தான் சொன்னாள், அவளுடைய அம்மாவும் அப்படித்தான். கன்னியாகுமரிப் பக்கம் போனால் அதுவே நெய்மீன். சென்னையில் சீலா என்ற சொல் வேறொரு மீனின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல்லை வைத்து என் ஊரைச் சொல்லிவிட்டார் அந்த அம்மா. நான் வந்த வேலைக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைந்திருக்காது.

வந்த வேலை இதுதான். வேறொரு கரையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் எழுத உட்காரும்போது, அந்தப் பழைய கரை அவர்கள் கையில் எதைக் கொடுத்துவிடுகிறது? கொஞ்ச காலமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வந்தவர்களால் ஆன நிலம் என்று சென்னையில் ஒரு பகுதியைச் சொல்லச் சொன்னால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கரையைத்தான் காட்டுவேன். அதனால் இரண்டு நாள் இங்கே நடந்து பார்ப்பதென்று கிளம்பினேன்.

வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே அந்த அம்மா பேசினார். "எங்க ஆயா தெலுங்குதான் பேசும். எங்க நைனாவுக்குப் பாதி தெலுங்கு பாதி தமிழு. எனுக்குத் திட்டுறதுக்கு மட்டும் தெலுங்கு வரும்." எதிரே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பையன்கள் ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து படகு வேலைக்கு வந்தவர்கள். அந்த அம்மா அவர்களை ஒரு அதட்டு அதட்டினார். அவர் சொன்னது உண்மைதான், சரளமான தெலுங்கு.

'நைனா' என்று வடசென்னையில் ஒருவர் அப்பாவைக் கூப்பிடும்போது அது தெலுங்கு. காலையில் சாப்பிடும் 'நாஷ்டா' உருது. 'பேஜார்' பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து சேர்ந்தது. மீனுக்கு எண்ணிக் கொடுத்தேனே 'துட்டு', அது டச்சுக்காரர்களின் செப்புக் காசின் பெயர். வடக்கே பழவேற்காட்டில் அவர்கள் கோட்டை கட்டியது 1613இல். அந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த 'சாவி' போர்ச்சுக்கீசியம். சென்னைத் தமிழைக் கொச்சை என்று சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒவ்வொரு சொல்லும் ஏதோவொரு கப்பலிலோ கட்டைவண்டியிலோ வந்து இறங்கி, இங்கேயே குடியிருந்து, பிள்ளை பெற்ற சொல். இதைக் காதால் கேட்டே வளர்ந்தவன் எழுத்தாளனானால் அவன் மொழி எப்படி இருக்கும்? கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்' நாவலையும், பாக்கியம் சங்கர் ஆனந்த விகடனில் எழுதிய 'நான்காம் சுவர்' தொடரையும் படித்தவர்களுக்கு அது தெரியும்.

வடசென்னையில் நின்றுகொண்டு கடலையும் எழுத்தையும் நினைத்தால் ஜோ டி குருஸ் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். ஊர் உவரி. பரதவர் குடும்பம். கப்பல் போக்குவரத்துத் தொழிலில் சென்னைக்கு வந்தவர். 2004இல் 'ஆழி சூழ் உலகு' வெளியானபோது நாங்கள் நாலைந்து நண்பர்கள் ஒரே பிரதியைக் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தோம். கட்டுமரமும் காற்றும் நீரோட்டமும் அதில் வருகிறபோது யாரும் நமக்காக நின்று விளக்கம் சொல்வதில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றின் திசைகளை முதல் அத்தியாயங்களிலேயே நாம் பழகிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் படகில் இடமில்லை. அடுத்து 2009இல் 'கொற்கை', தூத்துக்குடியின் தோணிகளையும் அவற்றை ஓட்டியவர்களையும் பற்றிய பெரிய நாவல். அதற்கு 2013ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதன் பிறகு துறைமுகத்தையும் கப்பல் தொழிலையும் வைத்து 'அஸ்தினாபுரம்' எழுதினார்.

அவர் பெயரையே கொஞ்சம் நின்று பார்க்கலாம். டி குருஸ் என்றால் போர்ச்சுக்கீசிய மொழியில் 'சிலுவையின்' என்று பொருள். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியர்களின் பாதுகாப்பை நாடிக் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். அன்று தொட்டு அந்தக் கரையில் பர்னாந்து, மச்சாது, மிராந்தா, கொரைரா என்று லிஸ்பன் வாசனையுள்ள பெயர்கள். ஆனால் பரதவர் என்ற குடிப்பெயரோ சங்கப் பாட்டு வரை பின்னால் போகிறது. ஐந்நூறு வருஷத்துப் பெயரும் இரண்டாயிரம் வருஷத்துத் தொழிலும் ஒரே ஆளின் மேல் இருக்கின்றன. இதில் எது வந்தது, எது இருந்தது? அவரால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன். பிரிக்க முடியாத அந்த இடத்திலிருந்துதான் நாவல் கிளம்புகிறது.

இன்னொன்றும் உண்டு. உவரியிலேயே இருந்திருந்தால் அந்த நாவல் வந்திருக்குமா? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல்லை யாரும் எழுதி வைப்பதில்லை. சீலாவை வஞ்சிரம் என்கிற ஊருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சீலா என்ற சொல்லின் மேல் எனக்கே ஆசை வந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் தெரிந்து, இரண்டில் ஒன்றை வெளியே சொல்லத் தயங்கியவனுக்குத்தான் எழுத வேண்டிய அவசியம் வருகிறது போலும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். காவிரிக் கரையை எழுதியவர்களைத் தமிழ் எழுத்தாளர் என்று சொல்லிப் பழகிய நாம், கடற்கரையை எழுதியவர் பெயருக்கு முன்னால் 'மீனவ எழுத்தாளர்' என்று ஒரு அடைமொழியை ஒட்டுகிறோம். மரியாதையாகத்தான் ஒட்டுகிறோம். ஆனாலும் அதைச் சொல்லும்போது அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுகிற தொனி ஒன்று வந்துவிடுகிறது. பூர்வீகம் எழுத்துக்கு ஊற்றாக இருக்கட்டும். அதையே வேலியாக்கி எழுத்தாளரை உள்ளே நிறுத்துகிற வேலையை வாசகர்கள் செய்யக் கூடாது.

மீனை ஐஸ் போட்டுக் கட்டி, ராயபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் வைத்துவிட்டு நடந்தேன். ராயபுரத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. ராயப்பர் என்பது புனித பேதுருவின் தமிழ்ப் பெயர். ஊருக்குப் பெயர் அதிலிருந்து வந்தது என்கிறார்கள். இங்கே அவர் பெயரில் இருக்கும் கோயிலைக் கட்டியவர்கள், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மசூலா படகில் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய படகோட்டிகள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. பார்சிகளின் அக்கினிக் கோயிலும் இங்கேதான், 1910இல் கட்டியது. மற்றவர்கள் உள்ளே போகக் கூடாது என்பதால் வாசலில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தேன். இவ்வளவும் ஒரு மைல் சுற்றளவுக்குள்.

அதைவிட, முந்தின நாள் சனிக்கிழமை பாரிமுனையில் பார்த்ததுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே அரண்மனைக்காரன் தெரு என்று ஒரு தெரு. அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியன் தெரு என்பது நம் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. தெருவுக்குள் 1772ஆம் வருஷத்து ஆர்மீனியத் தேவாலயம். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள், ஒரு எழுத்தும் நமக்குப் புரியாது. தெருவின் இரைச்சல் வாசலோடு நின்றுவிடுகிறது.

அங்கே பாதிரியாராக இருந்தவர் ஹருத்யூன் ஷ்மவோன்யன். பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்தில் பிறந்தவர். இரண்டு மகன்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். இந்தச் சென்னையில் அச்சகம் வைத்து, 1794இல் 'அஸ்தரார்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுதான். ஆர்மீனியாவில் வரவில்லை, சென்னையில் வந்தது! பதினெட்டு இதழ்களோடு 1796இல் நின்றுபோனது. 1824இல் இறந்த அவருடைய கல்லறை அந்த வளாகத்திலேயே இருக்கிறது. அந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சொந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றாத ஒன்று, இங்கே வியாபாரத்துக்கு வந்து கிடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு ஏன் தோன்றியது? பேச ஆள் குறைந்த இடத்தில்தான் மொழி எழுத்தைத் தேடி ஓடுகிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன். இன்று சென்னையில் ஆர்மீனியக் குடும்பம் என்று சொல்ல அநேகமாக யாரும் இல்லை. பத்திரிகை நின்று இருநூறு வருஷம் தாண்டியும் அந்த மொழியின் வரலாறு இந்தத் தெருவின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஞாயிறு பத்து மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து வடக்கே கிளம்பினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் இடது பக்கம் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. வலது பக்கம் கல் அடுக்கிய கரை, அதற்கப்பால் கடல். அலை கல்லில் மோதித் தெறிக்கிற உப்புத் தண்ணீர் சில இடங்களில் சாலைவரை வந்துவிட்டுப் போகிறது.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்கு மட்டும் இறங்கினேன். காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்த வணிகர், கடல் வியாபாரத்தில் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு ஊர் ஊராக அலைந்து, கையிலிருந்த பேய்க்கரும்பு இனித்த இடம் இதுதான் என்று இங்கே தங்கியவர் என்பது கதை. இதே ஊருக்குத் தியாகராஜரும் வந்திருக்கிறார். திரிபுரசுந்தரி மேல் அவர் பாடிய ஐந்து கிருதிகளைத் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்கிறார்கள். காவிரி நாட்டில் பிறந்து வளர்ந்தும் வீட்டு மொழியான தெலுங்கில் பாடியவர். இரண்டு பேரும் இந்த மண்ணுக்கு விருந்தாளிகள். இரண்டு பேர் பெயரையும் ஊர் தன் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது.

எண்ணூர் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நான் தேடி வந்தது அன்னை சிவகாமி நகரையும் அங்கிருக்கும் பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலையும். பீலிக்கான் என்பது பர்மாவில் இருக்கிற ஊர். நம்மூர் முனீஸ்வரன் பிழைக்கப் போன ஜனங்களோடு கடல் தாண்டிப் போய், அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு, அவர்களோடேயே திரும்பி வந்து எண்ணூரில் உட்கார்ந்திருக்கிறார்.

1930களில் ரங்கூன் நகரத்து ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். வட்டித் தொழில் செய்த செட்டியார்கள், அரிசி ஆலைக் கூலிகள், துறைமுகத் தொழிலாளிகள், ஐராவதி டெல்டாவில் நெல் பயிரிட்டவர்கள் என்று எல்லாத் தரப்பிலும் தமிழர்கள் இருந்தார்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. போர் முடிந்ததும் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். 1962இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். அடுத்து வங்கிகள், பிறகு 1964இல் கடைகள் எல்லாம் அரசுடைமை. அந்த வருஷம் மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கம்.

கோயில் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். கப்பல் ஏறியபோது ஒன்பது வயசு என்றார். நினைவிருக்கிறதா என்று கேட்டதுதான் தாமதம். "கப்பல் நெனப்புல இல்ல. அம்மா அழுததுதான் நெனப்பு. காதுல கெடந்தத எல்லாம் கழட்டி வாங்கிக்கிட்டானுவ. எங்கம்மா வெறுங்காதோட எறங்குச்சு. சாவுற வரைக்கும் காதுக்கு எதுவும் போட்டுக்கல." பிறகு கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "அங்க எங்கள கலான்னு கூப்புடுவானுவ. கருத்தவன், அந்நியன்னு அர்த்தம். சரி, நம்ம ஊருக்குப் போறோம்னு வந்தோம். இங்க வந்தா பர்மாக்காரின்னாங்க. பள்ளிக்கூடத்துல எம் பேரே அதான்."

இந்த இரண்டு சொற்களையும் கேட்ட பிறகு எனக்கு அடுத்த கேள்வி வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பர்மாவைத் தமிழில் எழுதியவர்கள் உண்டு. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா 1942இல் மனைவியோடு நடந்தே இந்தியா வந்தவர். அந்த நடையை 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்று எழுதினார். ஹெப்சிபா ஜேசுதாசன் பர்மாவில் பிறந்தவர். அவரை நாம் 'புத்தம் வீடு' நாவலுக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். பர்மாவைக் களமாக்கி அவர் எழுதிய 'மா-னீ'யைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இந்த இரண்டு புத்தகங்களையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டியின் அம்மா வெறுங்காதோடு வந்து இறங்கிய அந்தத் துறைமுகத்தை, கூடாரத்து முகாமை, பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பட்டப்பெயரை, எண்ணூர்ச் சாம்பலுக்கும் புகைக்கும் நடுவே நட்டு வளர்த்த இந்தக் கோயிலை உள்ளேயிருந்து ஒருவர் எழுதிய பெரிய நாவலுக்காக நான் காத்துக்கொண்டிருக்கிறேன். இது குறை சொல்வது ஆகாது. பசி.

காத்திருக்கலாம் என்று எனக்குத் தைரியம் கொடுப்பவர் கி. ராஜநாராயணன். ஆந்திரத்திலிருந்து அவருடைய முன்னோர்கள் தெற்கே வந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அந்த வருகை 1976இல்தான் 'கோபல்ல கிராமம்' ஆனது. அதில் மங்கத்தாயாரு என்ற முதுகிழவி வந்த கதையைச் சொல்கிறாள்; ஆற்றைக் கடந்தது, காட்டைத் திருத்தியது எல்லாம் அவள் வாய்வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. வீட்டில் தெலுங்கு, எழுத்தில் கரிசல் தமிழ். தமிழ்ப் பேச்சு வழக்கை அவரைப் போல எழுத்தில் கொண்டுவந்தவர் யார்? அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. துயரம் ஆறிப் பாட்டிகளின் வாயில் கதையாக மாற எத்தனை தலைமுறை ஆகும் என்று யாரும் கணக்குப் போட முடியாது. எண்ணூரில் இப்போதுதான் மூன்றாவது தலைமுறை கல்லூரிக்குப் போகிறது.

எல்லோரும் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மை. எண்ணூர் நிலையத்தில் நின்றால் கும்மிடிப்பூண்டி போகிற ரயில் வரும். அங்கே ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. 1990இல் சின்னப் பையனாக மன்னார்ப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த தொ. பத்தினாதன், முகாம் வாழ்க்கையைப் 'போரின் மறுபக்கம்' என்ற நூலாக 2007இல் எழுதினார். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசிய நமக்கு அந்தப் புத்தகம் வெட்கத்தைக் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். அவர் எழுதும்போது காயம் ஆறியிருக்கவில்லை. அல்லைப்பிட்டியில் பிறந்து பாரிஸில் இருக்கும் ஷோபாசக்தி 'கொரில்லா' எழுதும்போதும் அப்படித்தான். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த வி.வி. கணேசநந்தனோ, தான் வாழாத எண்பதுகளின் யாழ்ப்பாணத்தை ஆங்கிலத்தில் நாவலாக்கி 2024இல் பெண்களுக்கான புனைவிலக்கியப் பரிசைப் பெற்றார். ஒருவருக்கு நேரில் பட்ட தழும்பு, இன்னொருவருக்குச் சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்த ஊர். ஆனால் இருவரிடமும் ஊர்ப் பெயர்கள் துல்லியமாக இருக்கின்றன. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவரின் துல்லியம், பிறந்தவரின் துல்லியத்துக்குக் குறைந்ததில்லை.

மின்சார ரயிலில் கடற்கரை நிலையத்துக்குத் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பர்மா பஜாருக்கு எதிர்ப்பக்கம் அத்தோ வண்டிகளில் விளக்கு ஏற்றியாயிற்று. அறுபதுகளின் கடைசியில், வந்தவர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். கூடவே வந்தது இந்தச் சாப்பாடு. பர்மிய மொழியில் கையால் பிசைந்து கலப்பதைக் குறிக்கும் சொல்தான் இங்கே அத்தோ ஆனது.

வண்டிக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கைப்பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டான். மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ, மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய். ஐந்து விரலும் உள்ளே போய் நாலு சுற்று. தட்டில் கவிழ்த்து, பக்கத்தில் கிண்ணத்தில் மொய்ங்கா சூப் வைத்தான். பர்மாவில் மொய்ங்கா மீன் குழம்பு. வாழைத்தண்டு அதில் துணைக்கு மிதப்பது. இங்கே மீன் போய்விட்டது, வாழைத்தண்டு மட்டும் தங்கிவிட்டது. காசிமேட்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில், மீன் இல்லாத மொய்ங்கா. ஏன் என்று கேட்டேன். "இங்க எல்லாரும் சாப்பிடணும்ல சார். தாத்தாதான் மாத்துனாரு" என்றான்.

பர்மிய பாஷை தெரியுமா என்றேன். "ஆறு வார்த்தை" என்று எண்ணெய்க் கையை உயர்த்தி விரல் மடக்கினான். அத்தோ. மொய்ங்கா. பேஜோ. கவ்ஸ்வே. மிங்கலாபா, அது வணக்கம். அதோடு நிறுத்தினான். ஆறாவது என்ன?

"அது ஆயா சொல்லும் சார். எங்க மேல கோவம் வந்தா சொல்லும். அர்த்தம் தெரியாது. இப்ப ஆயா இல்ல."

சொல்லிக் காட்டச் சொன்னேன். சுற்றிலும் பார்த்துக்கொண்டு ஒரு தரம் சொன்னான். சின்னச் சொல். நடுவில் குரல் கீழே இறங்கி, முடிகிற இடத்தில் சட்டென்று தொண்டைக்குள் அடைத்துக்கொள்கிறது. பையிலிருந்து நோட்டை எடுத்து, தமிழ் எழுத்தில் எழுதி, அவன் முன்னால் நீட்டினேன். விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துப் பார்த்தான்.

"இல்ல சார், இது வேற மாதிரி வருது."

அடித்துவிட்டு வேறு எழுத்துப் போட்டேன். படித்தான். தலையை ஆட்டினான். வண்டிக்கு முன்னால் மூன்று பேர் தட்டுக்காகக் காத்து நின்றார்கள். அவன் அவர்களைப் பார்த்து "ஒரு நிமிஷம்ணா" என்று சொல்லிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, என் பக்கம் குனிந்து, இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னான்.